சாக்கெட் வழியாக இரண்டு புரோகிராம்களைப் பேச வைப்பது: முதன்முறை செய்கிறவர்களுக்கு

ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் இன்னொரு கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், பதிலும் வாங்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் திறக்கும் இணைப்பு முனைதான் சாக்கெட். தேடினால் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இருபது வரியில் முடிந்துவிடும், உங்கள் மேசையில் நன்றாகவே ஓடும். வேலை நடக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டு வருவதும், பாதி எண் மட்டும் வருவதும், புரோகிராம் காரணமே தெரியாமல் உறைந்து நிற்பதும் ஆரம்பிக்கும். எடைமேடைக் கம்ப்யூட்டரிலிருந்து அலுவலக பில்லிங் கம்ப்யூட்டருக்கு லாரி எடையை அனுப்பும் ஒரு வேலையில் இதையெல்லாம் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம், அதனால் அதே வேலையையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன்.

பைதான் 3.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உங்களிடம் இருக்கிறது, டிசிபி (பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் விதிமுறை) பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது பைதான் ஆவணத்தில் உள்ளபடி ஆங்கிலத்தில் அடியுங்கள்.

1. கோடு (புரோகிராம் வரிகள்) எழுதும் முன் ஒரு பக்க ஒப்பந்தம்

இந்த வேலைக்கு வேண்டிய முதல் ஆவணம் இதுதான். இரண்டு பக்கத்தையும் நீங்களே எழுதினாலும் சரி, எதிர்ப்பக்கத்தை வேறொருவர் எழுதினாலும் சரி, என்ன அனுப்பப்படும், எந்த வடிவில், பதில் என்ன, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் இருந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்: முதல் 4 பைட்டில் பின்னால் வரும் உடலின் நீளம், பிக் எண்டியன் வரிசையில், அதாவது பெரிய இட மதிப்புள்ள பைட் முதலில். அதன்பின் உடல், ஜேசன் வடிவம் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் முறை), யுடிஎஃப்-8 (எழுத்தைப் பைட்டாக்கும் முறை). உடலின் உச்ச நீளம் 65,536 பைட். ஒவ்வொரு எடைக்கும் ஒரு வரிசை எண். பெற்றுக்கொண்டவர் அதே வரிசை எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். 10 விநாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்புச் செய்தி, அதாவது “இன்னும் இருக்கிறேன்” என்று சொல்லும் சின்னச் செய்தி. எடை கிலோவில், முழு எண்ணாக.

கடைசி வரி அற்பமாகத் தோன்றும். ஒருவர் 24,560 என்று காற்புள்ளியோடு அனுப்பி, மற்றவர் காற்புள்ளியைத் தசமப் புள்ளி என்று எடுத்துக்கொண்டால் இருபத்து நான்கு டன் லாரி இருபத்து நான்கு கிலோவாகிவிடும். எழுதி வைத்தால் இந்த மாதிரி சண்டையே வராது.

2. என்ன வேண்டும், எவ்வளவு செலவு

ஒரே வளாகத்துக்குள் என்றால் மென்பொருள் செலவு கிடையாது. பைதான், சோதிக்க நெட்கேட், கம்பியில் என்ன போகிறது என்று பார்க்க வயர்ஷார்க், எல்லாமே இலவசம். பணம் போகும் இடம் கேபிளும் ஸ்விட்சும்தான். வைஃபையில் செய்யலாம், ஆனால் எடைமேடை மாதிரி தூசியும் தூரமும் உள்ள இடத்தில் கம்பி இழுத்துவிடுவதே என் யோசனை. ஒரு நெட்வொர்க் கேபிள் ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள், தூரம் இன்னும் அதிகம் என்றால் ஃபைபர்.

இணைப்புக்காகக் காத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வர் (இங்கே அலுவலகத்தது), வந்து இணைவது கிளையண்ட் (எடைமேடை). சர்வர் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி மாறாமல் இருக்க வேண்டும். இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ரவுட்டரின் டிஎச்சிபி (ஐபி முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும்) அமைப்பில் அந்தக் கம்ப்யூட்டரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வைத்தால் போதும். இதைச் செய்யாமல் விட்டால், என்றைக்காவது ரவுட்டர் அணைந்து எரிந்ததும் சர்வருக்கு வேறு முகவரி கிடைக்கும், “நேற்று வரை ஓடியதே” என்று எல்லோரும் உங்கள் கோடைத்தான் சந்தேகிப்பார்கள்.

3. போர்ட் எண் தேர்வு

போர்ட் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் எந்தப் புரோகிராமுக்கு என்று காட்டும் எண், 0 முதல் 65535 வரை. லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ளவற்றைப் பிடிக்கத் தனி அனுமதி வேண்டும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ரொம்ப மேலேயும் போகாதீர்கள்: வெளியே செல்லும் இணைப்புகளுக்கு லினக்ஸ் 32768 முதல் 60999 வரையும், விண்டோஸ் 49152 முதல் 65535 வரையும் தானாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் 50000 என்று வைத்தால், என்றோ ஒரு நாள் உங்கள் சர்வர் எழுவதற்குள் வேறொரு புரோகிராம் அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும். எல்லாப் பாடங்களிலும் வரும் 5000 வேண்டாம், ஆப்பிளின் புதிய மேக் கம்ப்யூட்டர்களில் அதை ஏர்ப்ளே வசதி பிடித்து வைத்திருக்கும். 9100 நெட்வொர்க் பிரிண்டர்களின் வழக்கமான எண். 20500 மாதிரி நடுவில் ஒன்றை எடுத்து, ஒப்பந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

4. சர்வர் பக்கம்

சாக்கெட் மாட்யூலில் உள்ள கிரியேட் சர்வர் என்ற ஒரே அழைப்பு, சாக்கெட்டை உருவாக்கி, முகவரியோடு கட்டி, கேட்கும் நிலையில் வைத்துவிடும். பிறகு ஒரு முடிவில்லாச் சுழலில் அக்செப்ட், வரும் இணைப்பை ஏற்கும் அழைப்பு. அது திருப்பித் தருவது புதிய இன்னொரு சாக்கெட், பேச்சு நடப்பது அதில்தான். கேட்கும் சாக்கெட்டிலேயே ரிசீவ் (வந்த பைட்டுகளை வாங்கும் அழைப்பு) போட்டுவிட்டு ஏன் பிழை வருகிறது என்று திகைக்கிறவர்கள் நிறையப் பேர்.

முகவரியில் 127.0.0.1 கொடுத்தால் அதே கம்ப்யூட்டரில் இருந்து மட்டும்தான் பேச முடியும். பக்கத்துக் கம்ப்யூட்டரும் வர வேண்டும் என்றால் சர்வரின் சொந்த ஐபி, அல்லது எல்லா வழியும் திறந்திருக்க 0.0.0.0. மேசையில் சோதிக்கும்போது லோக்கல்ஹோஸ்ட் என்று பெயராக எழுதாமல் 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதுங்கள். சில கம்ப்யூட்டர்களில் அந்தப் பெயர் ஐபிவி6 முகவரியான ::1-ஐ முதலில் காட்டும், அங்கே உங்கள் சர்வர் இருக்காது.

சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் “அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்” என்று லினக்ஸ் மறுக்கலாம். முதலில் மூடிய பக்கத்தில் பழைய இணைப்பின் தடயம் 60 விநாடி டைம் வெயிட் நிலையில் இருக்கும், அதனால்தான். கிரியேட் சர்வர் பயன்படுத்தினால் லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கான ரீயூஸ் அட்ரஸ் அமைப்பைத் தானே போட்டுவிடும். விண்டோஸில் அந்த அமைப்பைக் கையால் போடாதீர்கள். அங்கே அதற்குப் பொருள் வேறு, இரண்டு புரோகிராம் ஒரே போர்ட்டில் உட்கார அனுமதித்துவிடும், தகவல் எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது.

விண்டோஸில் முதன்முறை ஓட்டும்போது ஃபயர்வால் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். அலுவலக நெட்வொர்க் “பப்ளிக்” என்று பதிவாகியிருந்து நீங்கள் “பிரைவேட்” மட்டும் அனுமதித்தால் கதவு திறக்காது. முதலில் நெட்வொர்க்கின் வகையைப் பிரைவேட்டாக மாற்றிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.

5. கிளையண்ட் பக்கம், பிழைச் செய்தி படிப்பது

கிரியேட் கனெக்‌ஷன் என்ற அழைப்பில் முகவரி, போர்ட், அதோடு டைம்அவுட் 5 விநாடி. டைம்அவுட் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால், பதிலே சொல்லாத முகவரிக்கு லினக்ஸ் அதன் இயல்பு அமைப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேல் முயன்றுகொண்டே இருக்கும். எடைமேடையில் லாரி நிற்கும்போது இரண்டு நிமிடம் திரை உறைந்தால் ஆபரேட்டர் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவார்.

இணைப்பு கிடைக்கவில்லையா? பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. “கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு”, லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061: பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை என்று பொருள். சர்வர் ஓடவில்லை, அல்லது 127.0.0.1-இல் மட்டும் கேட்கிறது, அல்லது போர்ட் எண் தப்பு. “டைம்டு அவுட்” என்றால் எதிரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை: ஐபி தப்பு, கேபிள் கழன்றிருக்கிறது, இல்லையென்றால் ஃபயர்வால் மௌனமாக விழுங்குகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

பிங் வரவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், விண்டோஸ் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாது. சர்வர் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்றால் எஸ்எஸ் கட்டளை, விண்டோஸ் என்றால் நெட்ஸ்டாட் போட்டு, உங்கள் போர்ட் எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். அப்புறம் கிளையண்ட் கம்ப்யூட்டரிலிருந்து நெட்கேட்டால் அதே போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். நெட்கேட் இணைந்து உங்கள் புரோகிராம் இணையவில்லை என்றால் தப்பு கோடில், நெட்கேட்டும் இணையவில்லை என்றால் தப்பு வழியில்.

6. செய்தியின் எல்லையை நீங்கள்தான் காட்ட வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். டிசிபிக்குச் செய்தி என்றால் என்னவென்றே தெரியாது. அது வாய்க்கால் மாதிரி: தலைப்பில் நீங்கள் பத்துக் குடம் ஊற்றினாலும் கடைமடையில் நிற்கிறவருக்கு வருவது தண்ணீர்தான், எத்தனை குடம் என்று அவரால் சொல்ல முடியாது. பைட்டுகள் வரிசை மாறாமல் வரும், அதற்குமேல் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள்.

எடைமேடை 24560 என்று ஒருமுறை, 18230 என்று அடுத்த முறை அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் 1024 பைட் வரை எடுக்கும் ரிசீவை ஒருமுறை அழைக்கிறது. கைக்கு வருவது 2456018230 ஆக இருக்கலாம். இது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். 245 என்று வந்து, அடுத்த அழைப்பில் 60 என்று வந்தால்? 245 கிலோ என்பதும் ஒரு எடைதானே. எந்தப் பிழையும் காட்டாமல் பில் அடித்துவிடும். மேசையில், ஒரே கம்ப்யூட்டரில் நிதானமாகச் சோதிக்கும்போது இது ஏறக்குறைய நடக்கவே நடக்காது. நெட்வொர்க் நெரிசலாகும்போதும் செய்தி நீளமாகும்போதும்தான் நடக்கும். “ரிசீவுக்கு முன் ஒரு விநாடி தூங்க வை” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பிழையை அரிதாக்கும், அரிதான பிழையைப் பிடிப்பது இன்னும் கடினம்.

தீர்வு, முன்னால் நீளம். அனுப்புகிறவர் உடலைப் பைட்டாக மாற்றி, அதன் நீளத்தை ஸ்ட்ரக்ட் மாட்யூலால் 4 பைட்டாக்கி, இரண்டையும் ஒட்டி, ஒரே செண்ட் ஆல் அழைப்பில் அனுப்ப வேண்டும். வெறும் செண்ட் வேண்டாம், அது கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுவிட்டுத் திரும்பக்கூடும். நீளம் ஒரு அழைப்பு, உடல் இன்னொரு அழைப்பு என்று பிரிக்கவும் வேண்டாம். சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பும் டிசிபியின் பழக்கமும், எதிர்ப்பக்கம் ஒப்புகையைத் தாமதிக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டால் ஒவ்வொரு செய்திக்கும் லினக்ஸில் 40 மில்லிவிநாடி வரை, விண்டோஸில் 200 வரை வீணாகும்.

பெறுகிறவர் பக்கம் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதுங்கள், “சரியாக இத்தனை பைட் வாங்கு” என்று. கேட்ட அளவு சேரும்வரை ரிசீவை அழைத்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கும். ரிசீவ் வெறும் பைட்டைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டது, உடனே பிழை எழுப்பி வெளியே வாருங்கள். இதைக் கவனிக்காத சுழல் முடிவில்லாமல் ஓடி சிபியுவை முழுவதும் தின்னும். முதலில் 4 பைட் வாங்கு, அதிலிருந்து நீளம் எடு, பிறகு அந்த நீளத்துக்கு வாங்கு. அசிங்க்ஐஓ (பல இணைப்புகளைச் சேர்த்துக் கவனிக்கும் பைதான் மாட்யூல்) பயன்படுத்துகிறவர்களுக்கு ரீட் எக்ஸாக்ட்லி என்று இதே வேலை தயாராகவே இருக்கிறது.

நீளத்தைப் படித்ததும் உச்ச அளவோடு ஒப்பிடாமல் ஒரு பைட்டும் வாங்காதீர்கள். 4 பைட்டில் 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவான எண் வரை எழுதலாம். யாரோ விளையாட்டாக பிரவுசரில் உங்கள் ஐபியையும் போர்ட்டையும் அடித்தால் போதும், பிரவுசர் அனுப்பும் முதல் 4 பைட் “கெட்” என்பதன் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் இடைவெளியும், அதை நீளமாகப் படித்தால் 1195725856. நூறு கோடிக்கு மேல் பைட் வரும் என்று உங்கள் சர்வர் காத்துக்கொண்டிருக்கும். லாகில் (புரோகிராம் எழுதி வைக்கும் பதிவில்) இந்த எண்ணைப் பார்த்தால் வந்தது பிரவுசர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தமிழில் பெயர் அனுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீளம் என்றால் எழுத்துகளின் எண்ணிக்கை இல்லை, பைட்டுகளின் எண்ணிக்கை. “தமிழ்” என்று எழுதினால் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைதானின் லென் சொல்வது 5, யுடிஎஃப்-8 பைட்டாக்கினால் 15. சரத்தின் லென்னை எடுத்து முன்னால் எழுதிவிட்டால் ஆங்கிலப் பெயரில் எல்லாம் சரியாக ஓடும், முதல் தமிழ்ப் பெயரில் உடைந்துவிடும். முதலில் என்கோட் (பைட்டாக்குவது), பிறகு லென். அதேபோல் துண்டு துண்டாக வரும்போதே டிகோட் செய்யாதீர்கள், அதாவது மறுபடி எழுத்தாக்காதீர்கள். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், துண்டு நடுவில் வெட்டப்பட்டிருந்தால் யுனிகோட் டிகோட் எரர்தான். முழுச் செய்தியும் சேர்ந்த பிறகு ஒரேயடியாக டிகோட்.

7. எவ்வளவு நேரம் காத்திருப்பது

இணைப்பில் யாரும் பேசாமல் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. ரிசீவ் அப்படியே நிற்கும். டிசிபியிலேயே கீப்அலைவ் (எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று தானே விசாரிக்கும் வசதி) இருக்கிறதே என்பீர்கள், அதை நாமாக இயக்க வேண்டும், இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் விசாரிப்பே 7200 விநாடி கழித்துத்தான், அதாவது இரண்டு மணி நேரம். அனுப்புகிற பக்கமும் அப்படித்தான்: எதிர்ப்பக்கம் மின்சாரம் போய் விழுந்திருந்தால், அனுப்பியதை லினக்ஸ் கால் மணி நேரம் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும்.

அதனால்தான் ஒப்பந்தத்தில் உயிர்த்துடிப்பு. 10 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னச் செய்தி, 30 விநாடி எதுவும் வரவில்லை என்றால் மூடிவிட்டு மறுபடி இணை. செட் டைம்அவுட் 30 என்று வைத்தால் ரிசீவே இதைச் சொல்லிவிடும். ஒரு செய்தியின் நடுவில் டைம்அவுட் ஆனால் அதே இணைப்பில் தொடராதீர்கள். எத்தனை பைட் வாங்கினோம் என்ற கணக்கு குழம்பியிருக்கும், அதற்குப்பின் வருவதெல்லாம் தப்பாகவே படிக்கப்படும். மூடு, புதிதாக இணை, அதுதான் சுத்தம். மறுபடி இணையும்போது 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளி கூட்டி 30-இல் நிறுத்துங்கள்.

8. போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்

செண்ட் ஆல் பிழையில்லாமல் திரும்பினால் எதிர்ப்பக்கம் வாங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரின் இயங்குதளம் தன் பஃபரில் வாங்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். எதிர்ப்பக்கப் புரோகிராம் படித்து, டேட்டாபேஸில் எழுதி, அதன்பின் வரிசை எண்ணைத் திருப்பி அனுப்பினால்தான் வேலை முடிந்தது. அதுவரை அந்த எடையை உங்கள் பக்கத்து வட்டில் வைத்திருங்கள், எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சிறு டேட்டாபேஸ்) போதும்.

பதில் வராமல் இணைப்பு அறுந்தால் மறுபடி அனுப்ப வேண்டியதுதான். அப்போது வேறொரு சிக்கல்: எடை போய்ச் சேர்ந்து, திரும்பி வரும் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் ஒரே லாரிக்கு இரண்டு பில். இதைத் தடுக்கத்தான் வரிசை எண். பெறுகிறவர் டேட்டாபேஸில் வரிசை எண்ணுக்கான நெடுவரிசையை யுனிக் (ஒரே எண் இரண்டு முறை வராது) என்று வைத்துவிட்டால், இரண்டாம் முறை வரும்போது எழுதாமல், “வாங்கிவிட்டேன்” என்று பதில் மட்டும் அனுப்பலாம். வரிசை எண்ணை நினைவகத்தில் மட்டும் வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் மறுதொடக்கம் ஆனதும் மறுபடி 1-இலிருந்து ஆரம்பித்து, புது எடைகளை எல்லாம் பழையவை என்று சர்வர் ஒதுக்கிவிடும்.

9. ஒன்றுக்கு மேற்பட்ட கிளையண்ட்

பத்து இருபது இணைப்பு வரை ஆளுக்கொரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் கிளை) போதும், அலட்டிக்கொள்ள வேண்டாம். நூற்றுக்கணக்கில் என்றால் அசிங்க்ஐஓ.

10. வளாகத்துக்கு வெளியே போக வேண்டுமென்றால்

இங்கேதான் மாதச் செலவு வரும். ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் நீங்கள் இணைய நிறுவனத்தின் பொது நேட்டுக்கு (பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி ஐபியில் சேர்க்கும் அமைப்பு) பின்னால் இருக்கிறீர்கள், போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பும் ரவுட்டர் அமைப்பு) எத்தனை போட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது மாத வாடகைக்கு ஒரு சிறு விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) எடுத்து இரண்டு பக்கமும் அதோடு இணைய வேண்டும். கட்டும் முன் இரண்டு விலையையும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் சாக்கெட்டை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அதில் போவதெல்லாம் திறந்த எழுத்து, வழியில் உள்ள யாரும் படிக்கலாம், மாற்றலாம். குறைந்தது வயர்கார்டு (மறையாக்கிய தனி நெட்வொர்க் பாதை) போட்டு அதற்குள் ஓட்டுங்கள், இல்லையென்றால் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை). உண்மையில் வெளியே போகும் வேலை என்றால் எச்டிடிபிஎஸ் பயன்படுத்தி விடுவதுதான் என் ஆலோசனை, எல்லை காட்டுவது முதல் மறையாக்கம் வரை எல்லாம் அதில் தயாராக இருக்கிறது. இன்னொன்று: எளிது என்று பைதானின் பிக்கிள் வடிவத்தில் அனுப்பாதீர்கள். வந்த பிக்கிளைத் திறப்பதும், அனுப்பியவர் சொன்ன கோடை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட விடுவதும் ஒன்றே.

11. ஒப்படைக்கும் முன் சோதனை

நன்றாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கெடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு செய்தியை ஒரு பைட் வீதம், நடுவில் சிறு இடைவெளி விட்டு அனுப்பும் சின்னக் கிளையண்ட் எழுதுங்கள், ஆறாம் படி சரியாக இருந்தால் சர்வர் அசராது. அப்புறம் நூறு செய்தியை இடைவெளியே இல்லாமல் கொட்டுங்கள். நீளமான தமிழ்ப் பெயர் ஒன்று. எடை அனுப்பிய அந்த நொடியில் சர்வரைக் கொன்று, மறுபடி ஓட்டி, டேட்டாபேஸில் அந்த எடை ஒரே ஒருமுறை இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிரவுசரிலிருந்து போர்ட்டைத் தட்டுங்கள். கேபிளைப் பிடுங்கிக் கடிகாரத்தைப் பாருங்கள், 30 விநாடியில் இரண்டு பக்கத் திரையிலும் “இணைப்பு இல்லை” வர வேண்டும், செருகியதும் யாரும் தொடாமல் தானாகத் திரும்ப வேண்டும்.

லாகில் வந்த பைட்டுகளை ஹெக்ஸாகவே எழுதி வையுங்கள், குறைந்தது முதல் மாதம். எதிர்ப்பக்கத்தார் “நாங்கள் சரியாகத்தான் அனுப்பினோம்” என்று சொல்லும் நாளில், அந்த வரியை எடுத்து ஒப்பந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.